தனிக்குடித்தனம் போகும் ஜெனிசிஸ்

2025 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா தன் முதலீட்டாளர்களைக் கூட்டி, அடுத்த சில ஆண்டுகளுக்கான திட்டத்தை வெளியிட்டது. 2030 நிதியாண்டு வரை 45,000 கோடி ரூபாய் முதலீடு, 26 புதிய அறிமுகங்கள் என்று நீண்ட அந்தப் பட்டியலில் ஒரு சேதி, ஹூண்டாய் ஆலை இருக்கும் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நம் கொங்கு மண்டலத்தையும் யோசிக்க வைப்பது. 2027-க்குள் ஜெனிசிஸ் இந்தியாவுக்கு வருகிறது.

ஜெனிசிஸ் ஹூண்டாயின் சொகுசு கார் பிராண்டு. செய்வது ஹூண்டாய்தான். ஆனால் காரின் முகப்பிலோ டிக்கியிலோ ஸ்டீயரிங்கிலோ ஹூண்டாயின் சாய்ந்த 'எச்' எழுத்தைப் பார்க்க முடியாது. பெயர் வேறு. சிறகு விரித்த முத்திரை வேறு. பெரிய குடும்பத்தில் வளர்ந்த பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைப்பது மாதிரியான காரியம் இது. அடுப்பு தனி, வாசல் தனி, வரவு செலவு தனி. ரத்தம் மட்டும் ஒன்று.

நம் கொங்கு ஊரான மூலனூருக்கு இதில் என்ன வேலை? தாராபுரத்திலிருந்து கரூர் போகும் சாலையில் இருக்கும் இந்த ஊரின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வாராவாரம் பருத்தி ஏலம் நடக்கிறது. திருப்பூர் மாவட்டத்தார் மட்டுமல்ல, கரூர், திண்டுக்கல், திருச்சி பக்கத்து விவசாயிகளும் மூட்டை கொண்டுவருகிறார்கள். வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டுப் பஞ்சை இழுத்துப் பார்த்துவிட்டு, மறைமுக ஏலத்தில் தன் விலையை எழுதிப் போடுகிறார். நல்ல பருத்திக்கு ஒரு விலை, மட்டமான கொட்டு ரகத்துக்கு ஒரு விலை. இங்கே பெயருக்கு மதிப்பு கிடையாது, சரக்குக்குத்தான். அந்தப் பஞ்சு நூலாகி, நிட்டிங் போய், சாயம் ஏறி, ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்களில் தைபட்டு, செக்கிங், அயர்ன், பேக்கிங் முடிந்து பெட்டிக்குள் போகும்போது, கழுத்துப் பட்டியில் வேறு ஏதோ நாட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. கடல் தாண்டியபின் விலையைத் தீர்மானிப்பது அந்தப் பெயர்தான்.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் என்ற அளவை எட்டிவிட்டது. அதில் பெரும்பகுதி பிறர் பெயருக்குத் தைத்துக் கொடுப்பது. எல்லோருக்குமான சரக்கைச் செய்து பழகியவர், தன் சொந்தப் பெயரில், உயர்ந்த விலைக்கு, நம்பி வாங்கும்படி விற்பது எப்படி? கார்க்காரர்கள் நாற்பது வருடமாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சிலர் ஜெயித்தார்கள். பலர் பெரும் பணத்தைத் தொலைத்தார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நமக்கு நல்லது.

ஹூண்டாயிலிருந்தே தொடங்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் அது கால்வைத்தது 1996-ல். 1998-ல் சாண்ட்ரோ வந்தது. கூரை உயர்ந்த சின்னக் கார். வேட்டி கட்டிய பெரியவர்கள் அதிகம் குனியாமல் ஏறி உட்கார முடிந்தது. கொங்கு கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கார். இன்று இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் கார் விற்கும் கம்பெனி அது. 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது, அதுவரை இந்தியா பார்த்ததிலேயே மிகப் பெரிய பங்கு வெளியீடு என்ற பெயரும் வாங்கியது.

இதே ஹூண்டாய்க்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் மரியாதையே இல்லை. 1986-ல் எக்ஸல் என்ற மலிவு விலைக் காரை அங்கே இறக்கினார்கள். முதல் வருடமே 1,68,000-க்கு மேல் விற்றது. விலை குறைவு என்று வாங்கியவர்கள் சில வருடங்களில் பழுதும் துருவும் பார்த்து நொந்துபோனார்கள். ராத்திரி நேர டி.வி. நிகழ்ச்சிகளில் ஹூண்டாய் என்றாலே சிரிப்பு. அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க விளம்பரத்தை நம்பவில்லை என்பதுதான் அந்தக் கம்பெனியின் பெருமை. 1998-ல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்து வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி கொடுத்தார்கள். அப்படி ஒரு வாரண்டி கொடுத்தபின் கார் கெட்டால் நஷ்டம் கம்பெனிக்கே. ஆகவே தொழிற்சாலையில் தரத்தைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்ற நிலையைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். 2004-ல் ஜே.டி. பவர் நிறுவனத்தின் புதிய கார் தர ஆய்வில் ஹோண்டாவுக்குச் சமமான இடத்தில் நின்றது ஹூண்டாய்.

சொகுசு கார் அதற்குப் பிறகுதான். 2008-ல் ஜெனிசிஸ் என்ற பெரிய செடானை வெளியிட்டார்கள். அப்போது அது பிராண்டு அல்ல, ஹூண்டாயின் ஒரு மாடல். 2009-ம் ஆண்டுக்கான வட அமெரிக்காவின் சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது. தனி பிராண்டு ஆரம்பிக்கலாமா என்ற யோசனை அப்போதே இருந்தது. தனி ஷோரூம் கட்டும் செலவை நினைத்துத் தள்ளிவைத்தார்கள். அதற்கு மேலே ஈக்வஸ் என்ற இன்னும் பெரிய காரையும் கொண்டுவந்து, சர்வீஸ் சமயத்தில் ஆள் வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவரும் வசதியும் செய்தார்கள். கார்கள் நன்றாகவே இருந்தன. இருந்தாலும் சிக்கனத்துக்குப் பெயர்போன சின்னக் காரின் முத்திரையைப் பெரிய விலை கொடுத்து வாங்க, பெரும் பணக்காரர்கள் தயங்கினார்கள்.

2015 நவம்பர் 4 அன்று ஜெனிசிஸைத் தனி பிராண்டாகப் பிரித்து அறிவித்தார், ஹூண்டாயின் துணைத் தலைவராக இருந்த சுங் உய்-சுன். நிறுவனர் சுங் ஜு-யுங்கின் பேரன். தாத்தா 1967-ல் கார் கம்பெனி ஆரம்பித்தார். 1975-ல் போனி என்ற முதல் சொந்த காரைச் செய்தார். பேரன் காலத்தில் சொகுசு பிராண்டு. மூன்று தலைமுறை.

அறிவிப்பை விட முக்கியமானது அவர்கள் ஆள் சேர்த்த விதம். பென்ட்லியிலும் லம்போர்கினியிலும் கார் வடிவமைத்த லூக் டொங்கர்வோல்கேவை அழைத்துவந்தார்கள். பி.எம்.டபிள்யூ.வின் வேகக் கார்ப் பிரிவான 'எம்'மில் பல பத்தாண்டுகள் வேலைபார்த்த ஆல்பர்ட் பீர்மனை, கார் ஓட்டத்தைச் செதுக்க வைத்துக்கொண்டார்கள். லம்போர்கினியிலிருந்து வந்த மான்ஃப்ரெட் ஃபிட்ஸ்ஜெரால்டு பிராண்டை நடத்தினார். சொகுசு என்பது தோல் இருக்கையும் மர வேலைப்பாடும் மட்டும் அல்ல என்று தெரிந்தவர்கள் இவர்கள். கதவு சாத்தும் சத்தம், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வயிறு குலுங்காத தன்மை, பட்டனைத் தொடும்போது விரலுக்குக் கிடைக்கும் அழுத்தம் எல்லாவற்றையும் தனித்தனியாக யாராவது உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.

அப்படியும் சறுக்கினார்கள். அமெரிக்காவில் ஜெனிசிஸ் கார்கள் முதலில் ஹூண்டாய் டீலர்களின் கடைகளிலேயே ஒரு பக்கமாக விற்கப்பட்டன. தனி ஷோரூம் என்று மாற்ற முயன்றபோது டீலர்களோடு தகராறு, மாகாணத்துக்கு மாகாணம் லைசென்ஸ் சிக்கல். காருக்குப் பெயர் இருந்தது, வாசல் இல்லை. 2018-ல் அங்கே விற்பனை முந்தைய ஆண்டில் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. இத்தனைக்கும் ஜி70 என்ற காரை அந்த நாட்டுக் கார் பத்திரிகைகள் தலையில் வைத்துக் கொண்டாடின. நல்ல சரக்கு இருந்தும் விற்கும் இடம் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒரு வருடம் போதும். பிறகு தனி ஷோரூம்கள் வந்தன, 2020-ல் ஜிவி80 என்ற எஸ்.யு.வி. வந்தது. 2021 பிப்ரவரியில் கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் அந்தக் காரை ஓட்டிப்போய்ச் சாலையிலிருந்து உருண்டு விழுந்தார். கால் எலும்புகள் நொறுங்கின, உயிர் தப்பியது. உள்ளறை பெரும்பாலும் சிதையாமல் இருந்ததை அங்குள்ள காவல்துறை அதிகாரிகளே எடுத்துச் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில், எட்டு வருடம் முடியும் முன்பே, உலகம் முழுக்க 10 லட்சம் ஜெனிசிஸ் கார்கள் விற்றிருந்தன.

இந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். ஹோண்டா 1986-ல் அமெரிக்காவில் அக்யூராவைத் தொடங்கியது. நிஸான் 1989-ல் இன்ஃபினிட்டியைத் தொடங்கியது. அதே 1989-ல் டொயோட்டா லெக்ஸஸைக் கொண்டுவந்தது. மூன்றில் ஊர் உலகமே அறிந்த பெயராக நிலைத்தது லெக்ஸஸ்தான். காரணத்தைத் தேடினால் 1983-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா தன் மூத்த நிர்வாகிகளைக் கூட்டி, உலகின் சிறந்த காருக்குச் சவால்விடும் காரை நம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். பெயரைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குப் பின் ஆறு வருடம். சுமார் 1,400 பொறியாளர்கள், 2,300 டெக்னீஷியன்கள், 450 மாதிரிக் கார்கள், 100 கோடி டாலருக்கு மேல் செலவு. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுஸுகி, வேகமும் வேண்டும், எரிபொருளும் மிச்சமாக வேண்டும், சத்தமும் வரக்கூடாது என்று ஒன்றோடு ஒன்று மோதும் இலக்குகளை வைத்துக்கொண்டு எதையும் விட்டுக்கொடுக்க மறுத்தார். சத்தத்தை அடைக்க மெத்தையைத் திணிப்பதற்குப் பதில், சத்தம் பிறக்கும் இடத்திலேயே, இன்ஜின் பாகங்களின் துல்லியத்திலேயே கைவைத்தார்கள். காரின் மூடியில் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, இன்ஜினை விரட்டி, ஒரு துளி சிந்தாமல் காட்டிய விளம்பரம் இன்றும் பேசப்படுவது அதனால்தான். விளம்பரம் காட்டியது உண்மை.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1989 டிசம்பர் சம்பவம். விற்பனை தொடங்கிச் சில மாதங்கள்தான். ஒயரிங்கிலும் பின்பக்க விளக்கிலும் குறை இருப்பதாக ஒரு சில புகார்கள் வந்தன. லெக்ஸஸ் அதுவரை விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தது. ஆட்களை வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பி, வண்டியை எடுத்துப்போய்ச் சரிசெய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. புதிய பிராண்டு ஒன்று அந்த இடத்தில் செத்திருக்கலாம். மாறாக, அங்கேதான் லெக்ஸஸ் என்ற பெயருக்கு உயிர் வந்தது. பணம் கொடுத்தவனின் நேரத்துக்கு மரியாதை கொடுத்தார்கள். சொகுசு என்பதற்கு என் அளவுகோல் இதுதான்.

இன்ஃபினிட்டி என்ன செய்தது? ஆரம்ப விளம்பரங்களில் காரையே காட்டாமல் பாறையையும் மரத்தையும் மழையையும் காட்டியது. அழகாக இருந்தன, பேசப்பட்டன, கார் விற்பதில் லெக்ஸஸ் முந்திவிட்டது. 2020-ல் மேற்கு ஐரோப்பாவை விட்டே இன்ஃபினிட்டி வெளியேறியது. மாஸ்டாவும் அமாட்டி என்ற சொகுசு பிராண்டை 1991-ல் அறிவித்து, கார் ஒன்றுகூட விற்கும் முன்பே 1992-ல் கைவிட்டது.

தனி பிராண்டு வேண்டாம், என் பெயருக்கே அந்தத் தகுதி உண்டு என்று நின்றவர் ஃபோக்ஸ்வேகனின் ஃபெர்டினாண்ட் பியஹ். 2002-ல் ஃபேட்டான் என்ற காரைக் கொண்டுவந்தார். டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர் வைத்த தொழிற்சாலை கட்டி, கையால் கோத்துச் செய்தார்கள். பென்ட்லியோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட கார். பொறியியலில் குறை சொல்ல முடியாது. ஆனால் முகப்பில் இருந்தது 'மக்கள் கார்' கம்பெனியின் வட்ட முத்திரை. அமெரிக்கச் சந்தையிலிருந்து 2006-லேயே பின்வாங்கினார்கள். 2016-ல் உற்பத்தியே நின்றது. இது நியாயமா என்றால் இல்லை. நல்ல காரை முத்திரைக்காக ஒதுக்குவது வாங்குபவரின் பலவீனம். ஆனால் அந்தப் பலவீனம் உண்மை, வியாபாரி அதைக் கணக்கில் எடுத்தே தீர வேண்டும்.

நம் ஊரிலும் இது நடந்தது. 2011-ல் மாருதி சுஸுகி, கிசாஷி என்ற காரை 16 லட்சம் ரூபாய்க்கு மேல் விலைவைத்து விற்றது. ஓட்டியவர்கள் பாராட்டினார்கள். ஆனால் ஆல்டோ வாங்க வந்தவர்கள் நிற்கும் அதே கடையில், அதே சேல்ஸ்மேனிடம், அந்த விலைக்கு ஒரு மாருதியை வாங்க ஆள் இல்லை. அந்தக் காயம் ஆறியபின் 2015-ல் நெக்ஸா என்ற தனி ஷோரூம் வரிசையைத் திறந்தார்கள். கறுப்பு வெள்ளையில் கடை, சீருடை போட்ட புதிய ஊழியர்கள். எஸ்-கிராஸ், பலேனோ என்று வரிசையாக வந்தன. காரின் மூக்கில் அதே சுஸுகி முத்திரைதான். வாசலை மட்டும் பிரித்தார்கள். பாதித் தூரம் போன இந்த முயற்சி நன்றாகவே பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். டாட்டா வேறு வழி எடுத்தது. 2008-ல் 230 கோடி டாலர் கொடுத்து ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் வாங்கியது. அந்த பிராண்டுகளின் கார்களுக்காகவும் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டாவின் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பெயரை உருவாக்கக் காலம் இல்லாதவர் பெயரை விலைக்கு வாங்கலாம். அதற்கு டாட்டா அளவு மடி வேண்டும்.

ஜெனிசிஸ் இங்கே வந்தால் என்ன ஆகும்? இந்தியாவில் 2024-ல் சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்கள் விற்றன. அதில் சொகுசு கார்கள் சுமார் 50,000. நூற்றுக்கு ஒன்று. மெர்சிடிஸ் பென்ஸ் மட்டும் 2024-ல் 19,565 விற்றது. அது இந்தியாவுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. பி.எம்.டபிள்யூ. 2007 முதல் செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டியில் கார்களைப் பூட்டி இறக்குகிறது. லெக்ஸஸ் 2017-ல்தான் வந்தது. முழுக் காராக இறக்குமதி செய்தால் வரி விலையை எங்கோ கொண்டுபோய்விடும். அதனால் 2020-ல் கர்நாடகத்தின் பிடதி ஆலையில் ஒரு மாடலைப் பூட்ட ஆரம்பித்தது. உலகையே ஜெயித்த லெக்ஸஸ் இன்னமும் நம் தாராபுரம், காங்கேயம் பக்கத்துச் சாலைகளில் அரிதான காட்சிதான்.

இந்தப் பக்கங்களில் பணம் இல்லை என்று அர்த்தமல்ல. 2010-ல் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத்தில் உள்ளூர்த் தொழிலதிபர்களும் வசதியானவர்களும் சேர்ந்து ஒரே நாளில் 150 மெர்சிடிஸ் கார்களை, சுமார் 65 கோடி ரூபாய்க்கு, வாங்கிக் காட்டினார்கள். மாநகரங்களுக்கு வெளியேதான் அடுத்த வாடிக்கையாளர் இருக்கிறார் என்று கார் கம்பெனிகளுக்கு உறைத்த நாள் அது. திருப்பூரும் அப்படிப்பட்ட ஊர்தான். ஆனால் இங்கே பனியன் கம்பெனி ஓனர் ஒருவர் அரைக் கோடி, ஒரு கோடிக்குக் கார் எடுக்கும்போது கேட்கும் கேள்விகள் மிகத் தெளிவானவை. சர்வீஸுக்கு எங்கே விடுவது? பார்ட்ஸ் எத்தனை நாளில் வரும்? ஐந்து வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும்? இதற்குப் பதில் சொல்லாத பிராண்டுக்கு டெல்லியிலும் மும்பையிலும் எத்தனை பளபளப்பான ஷோரூம் இருந்தும் இங்கே விற்பனை நடக்காது.

என் தீர்ப்பு இது. ஜெனிசிஸுக்கு இந்தியாவில் இடம் உண்டு. ஆனால் முதல் வருடமே கோவை போன்ற இரண்டாம் கட்ட நகரங்களில் தனி வாசலோடு வர வேண்டும். ஹூண்டாய் ஷோரூமின் மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்து விற்றால் 2018-ல் அமெரிக்காவில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். பின்னால் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் பார்ட்ஸுக்கும் ஹூண்டாயின் பரந்த வலையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மற்ற சொகுசு கம்பெனிகளுக்கு இல்லாத பலம் அது.

இனி நம் வீட்டுக் கதை. திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் "அதே சரக்குதாங்க, லேபிள்தான் வேற" என்று சொல்லி விற்பது சகஜம். அந்தப் பேச்சில் நமக்கு ஒரு பெருமையும் இருக்கிறது: உலகின் பெரிய பெயர்களுக்குத் தைப்பவர்கள் நாமே, ஆகவே நம் தரமும் அதே தரம். தையலைப் பொறுத்தவரை முழு உண்மை. ஆனால் அந்தப் பெயர்களை உருவாக்கியவை வடிவமைப்பு, அளவு பிசகாத தன்மை, திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் கடை, இவற்றுக்காகப் பல வருடம் கொட்டிய பணம். அதை நாம் செய்யவில்லை. செய்த சிலர் ஜெயித்திருக்கிறார்கள். 1983-ல் வேட்டியோடு தொடங்கிய ராம்ராஜ் காட்டன், லினன் சட்டைக்கு லினன் பார்க் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. ராயல் கிளாசிக் குழுமத்தின் கிளாசிக் போலோவை வெளி மாநிலங்களிலும் அறிவார்கள். விரல் விட்டு எண்ணினால் இன்னும் சில பெயர்கள் வரும். இத்தனை ஆயிரம் கம்பெனிகள் இருக்கும் ஊருக்கு அது மிகக் குறைவு.

பிறர் பெயருக்குத் தைப்பதில் உள்ள ஆபத்தை 2025 ஆகஸ்ட் 27 காட்டியது. அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீது வரியை 50 சதவீதமாக உயர்த்திய அன்று, பையர் ஆர்டரை நிறுத்தினால் நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை எல்லாம் நிற்கும் என்பதைத் திருப்பூர் நேராகப் பார்த்தது. சொந்தப் பெயர் இருந்தால் வரி வராது என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் உள்ளவர் விலையைப் பற்றித் தன் வாடிக்கையாளரிடம் பேச முடியும். பெயர் இல்லாதவர் பீஸுக்கு எத்தனை சென்ட் குறைப்பது என்று மட்டுமே பேச முடியும்.

சொகுசு என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் உண்மையான சரக்கும் இருக்கிறது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபின், நொய்யல் ஆற்றுக்குச் செய்த பாவத்துக்கு இந்த ஊர் பெரும் விலை கொடுத்துக் கழிவுநீர் வெளியேற்றாத முறைக்கு மாறியது. சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து, பெரும்பகுதியைத் திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். எத்தனையோ போட்டி நாடுகள் செய்யாத வேலை. அதன் செலவை நாம் சுமக்கிறோம், அதன் மதிப்பு நம் துணியில் விலையாக ஏறவில்லை. எந்தப் பருத்தி, எந்த ஆலை நூல், எப்படிப்பட்ட தண்ணீரில் சாயம் என்று கடைசி வரை சொல்லக்கூடிய ஒரு சட்டை, உலகில் எங்கே வைத்தாலும் உயர்ந்த சட்டைதான்.

அடுத்த தலைமுறை ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேபிளை டிசைன் செய்வதில் ஆரம்பிக்காதீர்கள். எக்ஸ்போர்ட் ஓட்டும் அதே லைனில் மிச்ச நேரத்தில் தைக்காதீர்கள். தனி யூனிட், தனி டிசைனர், தனிக் கடை, குறை வந்தால் வீடு தேடிப்போய் மாற்றிக் கொடுக்கும் ஆள் என்று ஒதுக்குங்கள். லாபம் கேட்காமல் எட்டு, பத்து வருடம் அதை நடத்தும் பணத்தை முதல் நாளே எடுத்து வையுங்கள். அந்தப் பொறுமைக்குக் கடன் கொடுக்கும் வங்கித் திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. பெரும்பாலும் கையில் இருக்கும் ஆர்டருக்குத்தான் கடன் கிடைக்கிறது. இயந்திரத்துக்கு மானியம் தரும் மத்திய, மாநில அரசுகள், பிராண்டுக்கான நீண்டகாலக் கடனுக்கும் வழிசெய்ய வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் அரசிடம் கொடுக்கும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அதை முதல் கோரிக்கையாக எழுதட்டும்.